மார்ச் 31உடன் முடியும் திட்டங்கள்: மல்வேர்னில் கல்வி, சுகாதார இடையீடுகள் பற்றிய ஒரு மீள்பார்வை

ஒன்ராறியோ மாகாண அரசின் நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. ரொறன்ரோ மாநகரசபையின் ஆண்டு டிசம்பர் 31இல் முடிகிறது. பாடசாலைச் சபையின் கணக்கு ஆகஸ்ட் 31இல் மூடப்படுகிறது. இந்த மூன்று இடத்திலும் பணம் பெற்று மாணவருக்கான பின்னேர வகுப்பையோ நீரிழிவுத் தடுப்புக் குழுவையோ நடத்தும் ஓர் உள்ளூர் அமைப்புக்கு ஒரே வருடத்தில் மூன்று தடவை வருடம் முடிகிறது. ஒவ்வொரு முடிவிலும் ஓர் அறிக்கை, ஒவ்வொரு தொடக்கத்திலும் ஒரு விண்ணப்பம். இடையில் எஞ்சும் மாதங்களில்தான் பிள்ளைகளையும் நோயாளிகளையும் கவனிக்க வேண்டும்.

இப்படிப்பட்ட இடையீட்டுத் திட்டங்கள் ஏன் சொன்ன பலனைத் தருவதில்லை என்று கேட்டால் வழக்கமான பதில்கள் சில உண்டு. பெற்றோருக்கு அக்கறை போதாது, மொழி விளங்கவில்லை, எங்கட சனம் கூட்டத்துக்கு வராது. ரொறன்ரோ, சென்னை, கேரளம், யாழ்ப்பாணம் ஆகிய இடங்களில் கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளை அருகருகே வைத்துப் படித்தால் கேள்வியின் திசை மாறுகிறது. என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்பதைவிட, யாருடைய நேரத்துக்கு ஏற்ப அதை அமைத்தார்கள், எத்தனை காலம் விடாமல் நடத்தினார்கள், பலனை யாரோடு ஒப்பிட்டு அளந்தார்கள் என்பவைதான் முடிவைத் தீர்மானித்திருக்கின்றன. மல்வேர்னில் இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தேடுவது சுலபமல்ல. ஆனால் தேடுவதற்கு அதைவிடப் பொருத்தமான அயல் ரொறன்ரோவில் அதிகம் இல்லை.

மல்வேர்ன் ஸ்காபரோவின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது. 1950களில் மத்திய அரசு இங்கிருந்த பண்ணை நிலங்களை வீடமைப்புக்கென்று கையகப்படுத்தியது. வீடுகள் எழும்பியது 1970களில். முதலில் கரீபியத் தீவுகளிலிருந்து வந்தவர்கள், பிறகு இலங்கைத் தமிழர், பிலிப்பினோக்கள், இன்னும் பலர் என்று குடியேறினார்கள். 2016 கணக்கெடுப்பின்போது இங்கே 43,794 பேர் வாழ்ந்தார்கள். ஆங்கிலத்துக்கு அடுத்தபடியாகக் கூடுதலானோரின் தாய்மொழி தமிழ். 1985இல் தொடங்கிய ஸ்காபரோ ஆர்.ரி. ரயிலை மல்வேர்ன் வரை நீட்டுவோம் என்ற வாக்குறுதி பல தேர்தல்களைக் கண்டது, ரயில் வரவேயில்லை. 2023 ஜூலையில் தடம்புரண்டபின் அந்த ஆர்.ரி.யே நின்றுபோனது. எந்தத் திட்டத்தையும் வரைபவர் முதலில் குறித்துக்கொள்ள வேண்டிய தகவல் இதுதான்: இங்கே எங்கே போவதென்றாலும் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும்.

மல்வேர்ன் சந்தித்த முதலாவது பெரிய சுகாதார இடையீடு மண் அள்ளும் வேலையாக இருந்தது. 1980இல் மக்ளூர் கிரெசென்ற் தெருவின் வளவுகளில் ரேடியம் கலந்த மண் இருப்பது தெரியவந்தது. என்ன செய்ய வேண்டும் என்பதில் ஒருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மண்ணை அகற்ற வேண்டும். அகற்றிய மண்ணை எங்கே கொட்டுவது என்பதில்தான் சண்டை. எந்த ஊரும் ஏற்கவில்லை. கடைசியில் 1990களின் நடுப்பகுதியில், ஸ்காபரோவுக்குள்ளேயே பாஸ்மோர் அவென்யூவில் ஒரு சேமிப்பிடம் அமைத்துத்தான் காரியம் முடிந்தது. பதினைந்து ஆண்டுகள். தீர்வு தெரிந்திருப்பதும் தீர்வு நடப்பதும் வெவ்வேறு வேலைகள் என்பதற்கு மல்வேர்ன்வாசிகள் புத்தகம் தேட வேண்டியதில்லை.

ஒரு திட்டம் தொடங்குமுன் எடுக்கப்படும் முடிவு, அதை எங்கே நடத்துவது என்பது. 2004இல் யுனைற்றட் வே அமைப்பு ரொறன்ரோவின் வறுமை உள்நகரிலிருந்து புறநகர்களுக்கு நகர்ந்துவிட்டதை அஞ்சல் குறியீடு வாரியாகக் காட்டியது. அடுத்த ஆண்டு மாநகரசபை 13 முன்னுரிமை அயல்களைப் பெயரிட்டது. மல்வேர்ன் அவற்றில் ஒன்று. டேவிட் ஹல்சான்ஸ்கியின் புகழ்பெற்ற ‘மூன்று நகரங்கள்’ ஆய்வு, நடுத்தர வருமானத்து அயல்கள் சுருங்கி ஏழை அயல்கள் ஸ்காபரோவிலும் எற்றோபிக்கோவிலும் பெருகிவந்ததை வரைபடமாக்கியது. 2014இல் உலக சுகாதார நிறுவனத்தின் நகர்ப்புறச் சமத்துவ அளவுகோலை ரொறன்ரோவுக்கு ஏற்ப மாற்றி, 15 குறிகாட்டிகளைச் சேர்த்து ஒவ்வோர் அயலுக்கும் ஒரு புள்ளி கொடுத்தார்கள். கோட்டுக்குக் கீழே வந்த 31 இடங்கள் ‘மேம்பாட்டு அயல்கள்’ ஆயின. மல்வேர்ன் கோட்டுக்கு மேலே நின்றது, பட்டியலிலிருந்து வெளியேறியது.

இதை வெற்றி என்று சொல்லலாமா? ஒன்பது ஆண்டுகள் முதலீடு செய்ததால் மல்வேர்ன் உயர்ந்ததா, அளவுகோல் மாறியதால் உயர்ந்ததாகத் தெரிகிறதா, வேறிடங்கள் கீழே போனதால் இது மேலே நிற்கிறதா என்று பிரித்தறிய வழியில்லை. ஏனெனில் 2005இல் பயன்படுத்திய அளவுகோல் வேறு, 2014இல் பயன்படுத்தியது வேறு. போதாக்குறைக்கு 2022இல் மாநகரசபை தன் 140 அயல்களை 158 ஆகப் பிரித்தது. மல்வேர்ன், மல்வேர்ன் மேற்கு என்றும் மல்வேர்ன் கிழக்கு என்றும் இரண்டாகியது. சனத்தொகை பெருகினால் எல்லையை மாற்றத்தான் வேண்டும். ஆனால் பத்தாண்டுப் போக்கைக் காட்டும் ஒரு வரைபடத்தை இனி யாராவது வரையப்போனால் நடுவில் கோடு அறுந்து நிற்கும்.

இடத்தைத் தெரிவதற்கு அடுத்த கேள்வி, பணம் எப்போது வருகிறது என்பது. மல்வேர்னைப் பொறுத்தவரை அது துப்பாக்கிச் சத்தத்துக்குப் பின்னால் வந்திருக்கிறது. 2004 மே மாதம் ‘புரொஜெக்ற் இம்பாக்ற்’ என்ற பொலிஸ் நடவடிக்கையில் மல்வேர்ன் கும்பலைச் சேர்ந்தவர்களெனப் பலர் கைதானார்கள். 2005 கோடையில் நகரெங்கும் துப்பாக்கிச் சாவுகள் பெருகின. 2006இல் மாகாண அரசு இளையோருக்கான சவால் நிதியம் ஒன்றை அந்த 13 அயல்களுக்கென்று அமைத்தது. தமிழ்ச் சமூகத்தில் இதற்குச் சில ஆண்டுகள் முந்திய கதை ஒன்று இருக்கிறது: 1990களில் தமிழ்ப் பெடியளின் குழுச் சண்டைகள், 2001 ஒக்ரோபரில் பொலிஸார் நடத்திய பெரும் கைது நடவடிக்கை. அந்த வன்முறையைப் பார்த்துச் சலித்த இளைஞர்களே உருவாக்கியது கனடியத் தமிழ் இளைஞர் அபிவிருத்தி நிலையம். வெளியிலிருந்து ஒருவரும் வடிவமைத்துக் கொடுக்காத இடையீடு அது.

2008இல் றோய் மக்மர்ட்டியும் அல்வின் கர்லிங்கும் சேர்ந்து இளையோர் வன்முறையின் வேர்கள் பற்றி மாகாண அரசுக்கு அறிக்கை கொடுத்தார்கள். கர்லிங், மல்வேர்னை உள்ளடக்கிய தொகுதியை நெடுங்காலம் சட்டசபையில் பிரதிநிதித்துவம் செய்தவர். வறுமை, இனவாதம், பாடசாலைத் தண்டனை முறை, வீடமைப்பு என்று அறிக்கை வேர்களை வரிசைப்படுத்தியது. அரசாங்கத்தின் அமைச்சுகள் தனித்தனியே இயங்குவதுதான் பெரிய தடை என்றும் சொன்னது. பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டது. இன்றும் ஒரு பிள்ளையின் பசிக்கு ஒரு நிதி, படிப்புக்கு இன்னொரு நிதி, மனநலத்துக்கு மூன்றாவது நிதி.

கல்வியில் ரொறன்ரோவுக்கு உலகம் திரும்பிப் பார்க்கும் ஓர் உதாரணம் உண்டு. அது மல்வேர்னில் நடந்ததல்ல. நகரின் நடுவே ரீஜென்ட் பார்க் அரச குடியிருப்பில் 2001இல் அங்கிருந்த சமூக சுகாதார நிலையம் அதைத் தொடங்கியது. கவனியுங்கள், கல்வித் திட்டமொன்றைத் தொடங்கியது சுகாதார நிலையம். அப்போது அந்தக் குடியிருப்பின் பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் உயர்நிலைப் பள்ளியை முடிக்காமல் நின்றுகொண்டிருந்தார்கள். ‘பாத்வேஸ்’ எனப்படும் அந்தத் திட்டம் செய்தவை தனித்தனியே பார்த்தால் புதுமையானவையல்ல. பின்னேரங்களில் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். வழிகாட்டிகளோடு குழுச் சந்திப்பு வைத்தார்கள். பாடசாலைக்கு ஒழுங்காகப் போனால் பஸ் ரிக்கெற். ஆண்டுக்கு 1,000 டொலர் வீதம் நாலு வருடத்தில் 4,000 டொலர் மேற்படிப்புக்கென்று சேரும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய, வகுப்புக்கு வராவிட்டால் வீட்டுக்குத் தொலைபேசி எடுக்கக்கூடிய, சம்பளம் வாங்கும் பணியாளர் ஒருவர்.

பொருளியலாளர் பிலிப் ஒரியோபூலசும் சக ஆய்வாளர்களும் இதை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட கட்டுரையின் சிறப்பு ஒப்பீட்டில் இருக்கிறது. திட்டத்துக்கு வந்தவர்களை வராதவர்களோடு அவர்கள் ஒப்பிடவில்லை. அப்படி ஒப்பிட்டால் ஆர்வமுள்ள பிள்ளைகளின் திறமையைத் திட்டத்தின் வெற்றியாக எண்ணிவிடும் ஆபத்து உண்டு. குடியிருப்பில் வாழும் எல்லாப் பிள்ளைகளும் திட்டத்துக்குத் தகுதியுடையவர்கள் என்பதால், அவர்கள் எல்லோரையும் ரொறன்ரோவின் ஏனைய அரச குடியிருப்புகளின் எல்லாப் பிள்ளைகளோடும் ஒப்பிட்டார்கள். பட்டம் பெறும் வீதமும் மேற்படிப்புக்குச் செல்லும் வீதமும் சில அணிகளில் 50 சதவீதத்துக்கும் மேல் உயர்ந்திருந்தன. பின்னர் வந்த தொடர் ஆய்வு அதே பிள்ளைகளை வருமானவரிப் பதிவுகளில் 28 வயது வரை பின்தொடர்ந்தது: ஆண்டு வருமானம் 19 சதவீதம் கூட, வேலையிலிருப்போர் 14 சதவீதம் கூட, அரச உதவிப் பணத்தில் தங்கியிருப்போர் மூன்றிலொரு பங்குக்கும் மேல் குறைவு.

இந்த இலக்கங்களை மேற்கோள் காட்டாத விண்ணப்பம் ரொறன்ரோவில் அரிது. ஆனால் விண்ணப்பிக்கப்படும் திட்டம் பெரும்பாலும் கிழமைக்கு ஒருநாள், பத்துக் கிழமை, தொண்டர்களை வைத்து என்று இருக்கும். நாலு வருடத் திட்டத்தின் ஆதாரத்தைக் காட்டி பத்துக் கிழமைத் திட்டத்துக்குப் பணம் கேட்பது, முழு மருந்தின் சோதனை முடிவைக் காட்டிக் கால் குளிசையை விற்பது. தொண்டர் விடயமும் அப்படித்தான். ஒன்ராறியோவில் உயர்நிலைப் பள்ளி மாணவர் 40 மணித்தியாலச் சமூக சேவையை முடித்தால்தான் பட்டச்சான்றிதழ் பெறலாம். வீட்டுப்பாட வகுப்புகளுக்கு இவர்கள் வரப்பிரசாதம். நல்ல பிள்ளைகள், உற்சாகமானவர்கள். நாற்பதாவது மணித்தியாலம் முடிந்ததும் பெரும்பாலானோர் போய்விடுவார்கள். நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு அது மூன்றாவது ‘அக்கா’ மறைந்த கதையாகிவிடும். வளர்ந்த தொண்டர்கள் வரலாம்தான். பொலிஸ் சரிபார்ப்புக் கடிதம் கையில் கிடைக்குமுன் பத்துக் கிழமைத் திட்டத்தில் பாதி ஓடியிருக்கும்.

இதற்குப் பக்கத்திலேயே, ஸ்காபரோவின் பிளாசாக்களில் தமிழ் ரியூஷன் நிலையங்கள் பணம் வாங்கி நடக்கின்றன. இலவச வகுப்புக்கு வராத பெற்றோர் காசு கட்டி அங்கே அனுப்புவதைக் கண்டு சமூகப் பணியாளர்கள் முகம் சுழிப்பதுண்டு. ஊர்ப் போட்டிப் பரீட்சை மனப்பான்மை என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனாலும் அந்தக் கடைகளின் வடிவமைப்பைப் படிக்கலாம். சனி, ஞாயிறும் திறந்திருக்கும். அப்பா வேலையால் வரும் வழியில் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகலாம். ஆசிரியர் அதே ஆசிரியர். பிள்ளை எதில் பின்தங்குகிறது என்று அம்மாவுக்குத் தமிழில் சொல்வார்கள். மார்ச் 31 அவர்களுக்கு இன்னொரு நாள். காசில்லாத வீட்டுப் பிள்ளைக்கு இதே நாலையும் பொதுப் பணத்தில் கொடுப்பது கடினமான பொறியியல் அல்ல.

தமிழ்நாட்டில் அது பெரிய அளவில் நடந்திருக்கிறது. கோவிட் மூடலுக்குப் பின் 2021 ஒக்ரோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ சுமார் இரண்டு இலட்சம் தன்னார்வலர்களை, பெரும்பாலும் அதே தெருவில் வாழும் படித்த பெண்களை, மாதம் 1,000 ரூபா கொடுத்துச் சேர்த்தது. மாலையில் ஒன்றரை மணிநேரம், தெருவிலோ திண்ணையிலோ வகுப்பு. கார்த்திக் முரளிதரனும் சகாக்களும் செய்த ஆய்வின்படி, மூடலால் இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஆறு மாதத்தில் மீண்டது; அந்த மீட்சியில் 24 சதவீதம் இந்தத் திட்டத்தால் வந்தது. மீதி பாடசாலை திறந்ததால் வந்தது என்று அதே ஆய்வு சொல்கிறது. ஒரு திட்டத்தின் பங்கை இவ்வளவு துல்லியமாகப் பிரித்துச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், கோவிட்டுக்கு முன்னரே அதே கிராமங்களின் பிள்ளைகள் பரீட்சிக்கப்பட்டிருந்தார்கள். தொடக்க அளவீடு கையில் இருந்தது.

மலிவான, அலுப்பான இடையீடுகள் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒன்ராறியோவில் 19 வயது வரை ஆண்டுதோறும் கண் பரிசோதனை இலவசம்; கண்ணாடி இலவசமல்ல. ரொறன்ரோ மாவட்டப் பாடசாலைச் சபை தன் ‘முன்மாதிரிப் பாடசாலைகள்’ திட்டத்தில் பார்வை, கேட்டல் பரிசோதனையைப் பாடசாலைக்குள்ளேயே கொண்டுவந்து, தேவையான பிள்ளைக்குக் கண்ணாடியும் கிடைக்கச் செய்தது. கரும்பலகை தெரியாத பிள்ளைக்குச் சுயமதிப்புப் பட்டறை நடத்துவதற்கு முன் இதைச் செய்வது நல்லது. சீனாவில் நடந்து 2014இல் வெளியான ஒரு சமவாய்ப்புச் சோதனையில், இலவசக் கண்ணாடி கிடைத்த கிராமப்புறப் பிள்ளைகளின் கணிதப் புள்ளிகள் உயர்ந்தன. நாடாவெட்டுவதற்குக் கண்ணாடி வாய்ப்பான பொருள் இல்லை என்பதால் இதற்குப் பெரிய விழா நடப்பதில்லை.

சுகாதாரத்தில் தமிழருக்குப் பெரிய வினா நீரிழிவு. 2007இல் ரிக் கிளேசியர், கில்லியன் பூத் ஆகியோரின் குழு வெளியிட்ட ரொறன்ரோ நீரிழிவு வரைபடத் தொகுப்பில் நகரின் வடமேற்கும் கிழக்கும் கருஞ்சிவப்பாக இருந்தன. நடந்து போய்க் காய்கறி வாங்க முடியாத, கார் ஓடுவதற்கென்றே வகுக்கப்பட்ட, குடியேறியோர் கூடுதலாக வாழும் அயல்கள் அவை. 2010இல் வந்த ஒன்ராறியோ ஆய்வு, தெற்காசியாவிலிருந்து வந்தவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு நெடுங்காலக் கனடியரைவிட மூன்று, நான்கு மடங்கு என்று காட்டியது. அடுத்த ஆண்டு மரியா சியூவின் ஆய்வு இன்னொன்றைச் சேர்த்தது: வெள்ளையருக்கு உடல்நிறைச் சுட்டெண் 30இல் இருக்கும் ஆபத்து, தெற்காசியருக்கு 24இலேயே வந்துவிடுகிறது. மெலிந்த ஆள், பயமில்லை என்று குடும்ப வைத்தியர் விட்டுவிடும் அந்த ஆளுக்குத்தான் சோதனை தேவைப்படுகிறது. ‘தெற்காசியர்’ என்ற பெட்டிக்குள் பஞ்சாபியும் வங்காளியும் யாழ்ப்பாணத்தவரும் ஒன்றாகக் கிடப்பது இந்த ஆய்வுகளின் குறை. எவருடைய தட்டில் ரொட்டி, எவருடைய தட்டில் புட்டு என்பது புள்ளிவிவரத்தில் தெரிவதில்லை.

தடுக்க முடியுமா என்பதற்கு நல்ல பதில் சென்னையிலிருந்து வந்தது. மருத்துவர் அ. ராமச்சந்திரனின் குழு 531 பேரை வைத்து நடத்தி 2006இல் வெளியிட்ட சோதனையில், உணவும் நடையும் பற்றிய தொடர்ச்சியான ஆலோசனை மூன்றாண்டில் நீரிழிவை 28.5 சதவீதம் குறைத்தது. மெற்போமின் குளிசை 26.4 சதவீதம். இரண்டையும் சேர்த்துக் கொடுத்ததில் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. அமெரிக்கச் சோதனையில் வாழ்க்கைமுறை மாற்றம் 58 சதவீதம் குறைத்ததோடு ஒப்பிட்டால் இது பாதி. பிறகு அதே குழு வேலைக்குப் போகும் 537 ஆண்களை எடுத்து, அவர்களில் ஒரு பகுதியினருக்கு இரண்டு வருடம் கைபேசிச் செய்தி அனுப்பியது. செய்தி பெற்றவர்களில் 18 சதவீதத்தினருக்கு நீரிழிவு வந்தது. பெறாதவர்களில் 27 சதவீதத்தினருக்கு. கூட்டத்துக்கு வர நேரமில்லாத ஆணின் சட்டைப்பைக்குள் திட்டம் போய்ச் சேர்ந்தது என்பதே அதன் சிறப்பு.

கேரளத்தில் நடந்ததை நமது கூட்டங்களில் பேசுவது குறைவு. அங்கே 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில் 1,007 பேரை வைத்து, அயலவரே தலைமை தாங்கும் குழுக்கள் அமைக்கப்பட்டன. மிக அழகான வடிவமைப்பு. சமூகமே சமூகத்தைப் பார்த்துக்கொள்வது. இரண்டு ஆண்டின் முடிவில் குழுவிலிருந்தவர்களில் 14.9 சதவீதத்தினருக்கும் ஒப்பீட்டுப் பகுதியில் 17.1 சதவீதத்தினருக்கும் நீரிழிவு வந்தது. திடமான வித்தியாசம் என்று சொல்லப் போதாது. புகை, மது குறைந்தன. பழம் உண்பது கூடியது. நோய் மட்டும் அவ்வளவாக அசையவில்லை. ஆய்வாளர்கள் 2018இல் அதை ஒளிக்காமல் வெளியிட்டார்கள். நம் இதயத்துக்கு நெருக்கமான வடிவம் வேலை செய்யும் என்பதற்கு உத்தரவாதமில்லை என்று மல்வேர்னில் குழு அமைக்க வருபவர்கள் இதைப் படித்தால் அறிவார்கள்.

மல்வேர்னின் நிலைமையில் வைத்துப் பார்த்தால் தடைகள் தெளிவாகத் தெரிகின்றன. இரவு ஷிப்ற் முடித்துக் காலை வந்து படுப்பவருக்குப் பகல் பதினொரு மணிக்கு நீரிழிவு வகுப்பு வைத்தால் யார் வருவார்கள்? ஏற்கெனவே ஓய்வுபெற்றவர்கள், உடலைக் கவனிப்பவர்கள். வருகைப் பதிவேடு நிறையும். நோய் வரப்போகிறவர் நித்திரையில் இருப்பார். ஜனவரியில் நடக்கச் சொன்னால் எங்கே நடப்பது? வணிக வளாகத்துக்குள். சோற்றைக் குறைக்கச் சொல்லும் துண்டுப்பிரசுரம் சமைப்பவரிடம் போகிறதா, சாப்பிடுபவரிடம் போகிறதா? பல வீடுகளில் சமைப்பது அம்மம்மா. அவர் ஆங்கிலத் துண்டையும் வாசிக்கமாட்டார், ‘சமூகப்பொருளாதார நிர்ணயக்காரணிகள்’ என்று எழுதிய தமிழ்த் துண்டையும் வாசிக்கமாட்டார். மல்வேர்ன் குடும்ப வள மையம் நடத்தும் நகர்ப்பண்ணையில் காய்கறி நடுவது இந்தக் கேள்விகளுக்கு இன்னொரு பக்கத்தால் பதில் தேடும் முயற்சி. அதன் பலனை இரத்தச் சீனியில் தேடினால் ஏமாற்றமாயிருக்கலாம். தனிமையில் தேடினால் கிடைக்கலாம்.

மனநலத்தில்தான் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். மோர்ற்ரன் பைசரும் லோரா சிமிக்கும் நளினி பாண்டலங்கத்தும் ரொறன்ரோவில் 1,603 தமிழரைச் சந்தித்துச் செய்த ஆய்வு இன்றுவரை நம்மிடமுள்ள சிறந்த தரவு. மூன்றில் ஒருவர் போர், தாக்குதல் போன்ற கொடுமையை அனுபவித்திருந்தார். 12 சதவீதத்தினருக்கு வாழ்நாளில் ஒருகட்டத்தில் மனவடு நோய் இருந்தது. அவர்களில் உதவி பெற்றவர்கள் மிகச் சிலர். இதைப் படித்தவுடன் எழும் உந்துதல், எல்லோரையும் கூட்டிப் பேசவைக்க வேண்டும் என்பது.

அந்த உந்துதலை யாழ்ப்பாணத்தின் அனுபவத்தில் உரசிப் பார்க்கலாம். போரின் பின்னணியில் வாழ்ந்த 399 பாடசாலைப் பிள்ளைகளுக்கு உள்ளூர்ப் பணியாளர்கள் ஐந்து வாரத்தில் 15 அமர்வுகள் நடத்தினார்கள்: விளையாட்டு, நாடகம், சித்திரம், பேச்சு. வியட்சே டொல் தலைமையில் 2012இல் வெளியான முடிவுகள் கலவையானவை. நடத்தைப் பிரச்சினைகள் குறைந்தன. ஆண் பிள்ளைகளுக்குச் சில நன்மைகள் கிடைத்தன. பெண் பிள்ளைகளிடம் மனவடு அறிகுறிகள், காத்திருப்புப் பட்டியலில் எதுவும் செய்யப்படாமல் இருந்த பெண் பிள்ளைகளைவிடக் குறைவாகவே தணிந்திருந்தன. அதாவது அவர்களுக்கு அந்த நல்லெண்ணம் இயல்பான ஆறுதலுக்குக் குறுக்கே நின்றிருக்கலாம். காத்திருப்புப் பட்டியல் என்ற ஒப்பீடு இருந்ததால்தான் இது தெரிந்தது. அது இல்லாமல் முன், பின் என்று மட்டும் அளந்திருந்தால் எல்லாப் பிள்ளைகளும் தேறியதாகவே அறிக்கை எழுதியிருக்கும். அமெரிக்காவில் 1939இல் தொடங்கிய கேம்பிரிட்ஜ்-சொமர்வில் திட்டத்திலும் இப்படித்தான்: ஆண்டுக்கணக்கில் வழிகாட்டப்பட்ட பையன்கள் முப்பது வருடம் கழித்து, வழிகாட்டப்படாதவர்களைவிட மோசமான நிலையிலிருந்ததை ஜோன் மக்கோர்ட் 1978இல் காட்டினார். அவர்களில் பலர் அந்தத் திட்டத்தை நன்றியோடு நினைவுகூர்ந்தார்கள் என்பது இதில் கசப்பான பகுதி. திருப்திக் கணிப்புப் படிவத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிய திட்டம் என்றால் நான் சற்றுத் தயங்குவது இதனால்தான்.

எல்லாம் சரியாக நடந்தால் எப்படியிருக்கும் என்பதை மல்வேர்ன் 2021 வசந்தத்தில் கண்டது. முந்தைய ஜூலையில் ரொறன்ரோ பொதுச் சுகாதாரத் துறை வெளியிட்ட தரவில் நகரின் சனத்தொகையில் 52 சதவீதமாக உள்ள வெள்ளையரல்லாதோர் கோவிட் நோயாளிகளில் 83 சதவீதமாக இருந்தார்கள். இனவாரியாக எண்ண மாட்டோம் என்று காலங்காலமாகச் சொன்ன அரசு எண்ணத் தொடங்கியதும் மறுக்க இடமில்லாமல் போனது. மல்வேர்ன் சமூக மையத்தில் மாநகரசபை தடுப்பூசி நிலையம் திறந்தது. வேலைத்தலங்களுக்கும் பாடசாலைகளுக்கும் கட்டடங்களின் கீழ்த்தளங்களுக்கும் நடமாடும் நிலையங்கள் போயின. அயலவர்களே சம்பளத்துடன் தூதுவர்களாகக் கதவு தட்டினார்கள். தமிழ் வானொலிகளில் வைத்தியர்கள் நேயர்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். எங்கட சனம் வராது என்று சொன்ன ஒருவரையும் அந்தக் கோடையில் நான் காணவில்லை. நிலையம் அவர்களுடைய நேரத்துக்கும் இடத்துக்கும் வந்தது, அவர்கள் வந்தார்கள்.

அந்தத் தூதுவர்களின் ஒப்பந்தங்கள் தொற்று தணிந்ததும் முடிந்தன. யார் எந்தக் கட்டடத்தில் இருக்கிறார், எந்த அம்மாவுக்குப் பிரஷர், எந்த வீட்டில் பிள்ளை பாடசாலைக்குப் போகவில்லை என்று அவர்கள் அறிந்து வைத்திருந்தது எந்த அறிக்கையிலும் இல்லை. அதற்கு மாறாக, மல்வேர்னில் 2000களின் பிற்பகுதியிலிருந்து இயங்கும் ‘தாய்பு’ சமூக சுகாதார நிலையம் நிற்பது அடிப்படை நிதியில். கறுப்பினச் சமூகத்தை முதன்மையாகக் கருதி உருவான அந்த நிலையத்தில் வைத்தியர்கள் உட்பட எல்லோரும் சம்பளக்காரர். நோயாளியின் தலையை எண்ணிக் காசு இல்லை. ஆண்டுதோறும் உயிர்ப்பிச்சை கேட்கத் தேவையும் இல்லை. ரீஜென்ட் பார்க் திட்டமும் இதே வகை நிலையத்தின் மடியிலிருந்துதான் பிறந்தது. தமிழருக்கென்று தனி நிலையம் வேண்டும் என்ற குரல் அவ்வப்போது எழுகிறது. எனக்கு அதில் உடன்பாடு பாதி. இருக்கும் நிலையங்களுக்குள் இரவு எட்டு மணிக்கும் தமிழ் பேசும் தாதியும் உளவளத்துணையாளரும் நிரந்தர வேலையில் இருந்தால், பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும் பரவாயில்லை.

மதிப்பீட்டைப் பொறுத்தவரை வழி கண்ணுக்கெதிரே இருக்கிறது. ஒன்ராறியோவில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு கல்வி இலக்கம் உண்டு. ஒவ்வொருவருக்கும் சுகாதார அட்டை இலக்கம் உண்டு. பெற்றோரின் சம்மதத்தை முதல்நாளே தமிழில் விளக்கிப் பெற்று, இடமில்லாமல் காத்திருப்போரைச் சீட்டுக் குலுக்கித் தெரிந்து, இரண்டு அணியையும் அந்த இலக்கங்களால் பின்தொடர்ந்தால், வருகைப் பதிவேட்டைவிட நம்பக்கூடிய விடை கிடைக்கும். சீட்டுக் குலுக்குவது அநியாயம் என்று சிலர் எதிர்ப்பார்கள். முதலில் தெரிந்தவருக்கும் இணையத்தில் விரைந்து பதிபவருக்கும் இடம் கொடுப்பதைவிட அதில் அநியாயம் குறைவு. செப்டெம்பரில் 9ஆம் வகுப்புக்குப் போகும் பிள்ளை அதை முடிக்க நாலு வருடம் எடுக்கும்; நீரிழிவின் வாசலில் நிற்பவர் தப்பினாரா என்று சொல்லச் சென்னையில் மூன்று வருடம் பிடித்தது. நிதி வழங்கும் எவருடைய படிவத்திலும் முதல் பக்கத்தில் கேட்க வேண்டியது, இது நாலாவது வருடத்தில் யார் சம்பளத்தில் நடக்கும் என்பது. இப்போது அந்தப் பக்கத்தில் கேட்கப்படுவது, எத்தனை பேர் கலந்துகொள்வார்கள் என்பது.